எந்தப் பல் என்று எழுது

2024 டிசம்பர் 3

அப்பா போய் ஒன்றரை மாதம் ஆகிறது. பரணிலிருந்த ட்ரங்குப் பெட்டியை இன்றுதான் இறக்கினோம். கறுப்புப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவருடைய ராணுவ எண், ரேங்க், பெயர். பெயர் பாதி அழிந்துவிட்டது, எண் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. 79 வயதில், நினைவு தப்பிய கடைசி மாதங்களில்கூட அந்த எண்ணை ஒரே மூச்சில் சொல்வார், என் பெயரைக் கேட்டால்தான் யோசிப்பார். முதலில் கோபம் வந்தது, அப்புறம் பழகிவிட்டது.

டிசம்பர் 5

உள்ளே 1963இல் சேர்ந்தபோது எடுத்த போட்டோ (சீனச் சண்டைக்கு மறுவருடம், நிறைய ஆள் எடுத்தார்கள்), 18 வருடம் கழித்து வாங்கிவந்த டிஸ்சார்ஜ் புத்தகம், 1971 சண்டையில் கிழக்கு முனையில் இருந்ததற்குக் கொடுத்த பூர்வி ஸ்டார் மெடல், நூல் போட்டு அம்மா கட்டிவைத்த கடிதங்கள். எல்லாவற்றிலும் அனுப்புநர் முகவரி 99 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) தான். ஆள் எங்கே இருக்கிறார் என்று அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, எழுதவும் கூடாது.

ஒன்றில் தேதி 1971 டிசம்பர் 8. பாகிஸ்தானோடு சண்டை தொடங்கி ஐந்து நாள் ஆகியிருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரி இல்லை. குழந்தைக்குப் பல் முளைத்ததா, மேல் பல்லா கீழ்ப் பல்லா, எந்தப் பல் என்று எழுது, தையல் மெஷினுக்கு எண்ணெய் போடு. அவ்வளவுதான்.

டிசம்பர் 11

அம்மாவின் குடும்ப ஓய்வூதிய வேலை. ராணுவ ஆவணத்தில் அவள் பெயரில் ஓர் எழுத்து தவறு, அதைத் திருத்தவே வருடக்கணக்கில் அலைந்தவர்களைத் தெரியும் என்பதால் பயந்துகொண்டேதான் தாள்களைப் பிரித்தேன். திருத்தம் எப்போதோ முடிந்திருக்கிறது! அப்பா யாரிடமும் சொல்லாமல் போய் முடித்திருக்கிறார். ஜோடிப் போட்டோவோடு எல்லாம் வரிசையாக, மேல் தாளில் பென்சிலால் 'முதலில் இது'.

டிசம்பர் 16

1971இல் டாக்காவில் பாகிஸ்தான் தரப்பில் 93,000 பேர் சரணடைந்த நாள். அன்று ரேடியோவில் சேதி கேட்டுத் தெருவே குதித்ததாம். "ஜெயிச்சாச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க, அவர் இருக்காரான்னு ஒருத்தரும் சொல்லலை" என்றாள் அம்மா. அந்தப் பல் கடிதம் அதற்கு அப்புறம்தான் வந்து சேர்ந்ததாம்.

சாயங்காலம் அக்கா வந்தாள். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "கீழ்ப் பல்லுதான்பா, போன மாசம்தான் பிடுங்கினேன்" என்று போட்டோவைப் பார்த்துச் சொன்னாள். பால் பல் ஆறேழு வயதிலேயே விழுந்திருக்கும் என்று நாங்கள் யாரும் திருத்தவில்லை.