இன்னொரு வழி இருக்கா?

போனை நோண்டாதே, கண் கெட்டுப்போகும் என்று பிள்ளைகளைத் திட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும், ஏனென்றால் திட்டி முடித்த கையோடு கரண்ட் பில் கட்டவும் வெளிநாட்டிலிருக்கிற மகளின் முகத்தைப் பார்க்கவும் இன்றைக்கு மழை வருமா என்று அறியவும் அவர்களும் அதே போனைத்தான் தேடுகிறார்கள். யார் எத்தனை மணித்தியாலம் போன் பார்த்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. போனும் கரண்டும் இல்லாமல் ஒரு காரியத்தைச் செய்கிற வழிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருவதுதான் யோசனையாக இருக்கிறது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் இலங்கை முழுக்கக் கரண்ட் போனது என்று அமைச்சரே சொன்னார். (திருகோணமலைக் கோணேசர் கோயில் பக்கம் திரிகிற எங்கள் குரங்குகளுக்கும் அந்தத் திறமை உண்டு, வாய்ப்புத்தான் இன்னும் அமையவில்லை.) அங்கே தென்மேற்குக் கரையில் ஒரு குரங்கு, இங்கே கிழக்குக் கரையில் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் இல்லை. வளவில் கிணறு இருக்கிறது, நிறையத் தண்ணீரும் இருக்கிறது, ஆனால் மோட்டார் பூட்டிய பிறகு கிணற்று வாய்க்கு இரும்பு வலை போட்டு மூடியாயிற்று, கப்பி துருப்பிடித்துச் சுற்றவே மாட்டேன் என்கிறது, கயிறு என்று வீட்டில் இருந்தது உடுப்புக் காயப்போடுகிற கொடி மட்டும்தான். வலையைத் தூக்கி, கொடியை அவிழ்த்து, ஒரு பெயின்ட் வாளியில் கட்டி இறக்கினால் வாளி தண்ணீருக்கு மேலே ஒய்யாரமாக மிதக்கிறது. தம்பி கயிற்றை இழுத்தும் ஆட்டியும் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. அம்மா வந்து கயிற்றை வாங்கி ஒரு சுண்டு சுண்டினார், வாளி சரிந்து அப்படியே நிறைந்துவிட்டது. வீட்டில் அந்தச் சுண்டு தெரிந்த ஆள் அம்மா மட்டும்தான்.

அதற்காகப் பழையதெல்லாம் திரும்ப வரவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 2009இல் பாலம் திறக்கும்வரை கடலைக் கடந்து கிண்ணியாவுக்குப் போகப் பாதைக்காக, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றுகிற மிதவைக்காக, காத்து நின்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒருவரும் அந்தக் காலம் வேண்டும் என்று சொல்லமாட்டார்கள். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது அதைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் கொண்டுவந்ததும் நல்லதுதான். தொடக்கத்தில் கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று கொஞ்சமாகத்தான் கிடைத்தது, ஆனாலும் இரவிரவாகப் பெற்றோல் செட் வாசலில் படுத்துக் கிடந்தது குறைந்தது. அதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், அந்தக் கியூஆரைக் கடதாசியில் அடித்துக் காட்டினாலும் போதுமாக இருந்தது. கொமியூனிகேஷன் கடையில் பதிந்து, பிரின்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, திறப்புக் கோர்வையில் மாட்டிக்கொண்டு திரிந்த ஓட்டோக்காரர்கள் எத்தனை பேர்! போனே இல்லாதவருக்கும் பெற்றோல் கிடைத்தது.

இப்போது உவர்மலையில் இருக்கிற என் பெரியம்மாவின் கதைக்கு வருகிறேன். மகன் கனடாவில், காசு வங்கிக்கு வருகிறது. முன்பு புத்தகத்தைக் கொண்டுபோய் நீட்டினால் வேலை முடிந்தது. இப்போது ஏதாவது கேட்டால் "ஆப்பில பாருங்கோ அம்மா" என்கிறார்கள். ஆப்பைத் திறந்தால் ஓடிபி வரும், அதுவும் இங்கிலிஷில். பெரியம்மா பக்கத்து வீட்டுப் பொடியனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். அதே மெசேஜின் கடைசி வரியில் இந்த இலக்கத்தை ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று இருக்கும், அதையும் அந்தப் பொடியன்தான் வாசித்துச் சொல்லவேண்டும்.

"ஆருக்கும் காட்டாதேங்கோ பெரியம்மா" என்றேன்.

"அப்ப ஆர் எனக்கு வாசிக்கிறது? நீ ஒவ்வொருக்காவும் வருவியோ?"

அவர் போனை நம்பியிருக்கிறார் என்று சொல்வது சரியில்லை, பக்கத்து வீட்டுப் பொடியனை நம்பியிருக்கிறார். அவன் நல்ல பிள்ளை, சரி. அவன் நாளைக்குக் கட்டாருக்கோ கொழும்புக்கோ போனால்?

கடலுக்குப் போகிற எங்கள் சொந்தக்காரர் ஒருவர் ஜிபிஎஸ் கருவியைப் பொலித்தீன் பையில் போட்டு ரப்பர் பாண்ட் சுற்றி வைத்திருப்பார். அதற்கு நெட் தேவையில்லை, நான்கு செய்மதிகளின் சிக்னல் கிடைத்தால் இடம் காட்டும், ஆனால் பற்றரி இறங்கினால் ஒன்றுமில்லை. ஆகவே மகனைக் கூட்டிப் போகும்போது கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலையையும் கரையில் தெரிகிற இன்னோர் அடையாளத்தையும் ஒரு நேர்கோட்டிலும், வேறு இரண்டு அடையாளங்களை இன்னொரு நேர்கோட்டிலும் பிடித்து வலை போட்ட இடத்தை அறியப் பழக்குகிறார். பொடியனுக்கு எரிச்சல்தான், ஆனாலும் பழகுகிறான்.

வங்கிகளும் கந்தோர்களும் செய்யவேண்டியது இதைவிடப் பெரிய வேலையில்லை. ஆப் இருக்கட்டும், மெசேஜ் தமிழில் வரட்டும், புத்தகத்தோடு வருகிறவருக்கு ஒரு கவுண்டரும் திறந்திருக்கட்டும். அடுத்த முறை பெரியம்மாவோடு போகும்போது மனேஜரிடம் இதை எழுத்தில் கொடுக்கப்போகிறேன், கடதாசியில்தான். ஈமெயில் அனுப்பச் சொன்னால் அங்கேயே சண்டைதான்.