பெல்ட் டெஸ்டை எப்போது வைப்பது?

"மாஸ்டர், அடுத்த பெல்ட் எப்போ?" கராத்தே வகுப்பு நடத்தும் எல்லோரிடமும் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. மூன்று மாதம் என்று பட்டென்று சொல்லிவிடுகிறோம். வாரம் இரண்டு வகுப்பு என்றால் மூன்று மாதத்துக்கு 24 வகுப்பு வர வேண்டும். காய்ச்சல், கல்யாணம், மழை எல்லாம் போக 18 தேறினால் பெரிது. அதனால் வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் தேதியைக் குறியுங்கள். வெள்ளை பெல்ட்டில் இருக்கும் பிள்ளைக்கு 24 வகுப்பு கட்டாயம் வேண்டும்.

பெற்றோரிடம் முதலில் மாதத்தை மட்டும் சொல்லுங்கள். இரண்டு வாரம் முன்னால் ஒரு முன்தேர்வு வைத்து, அதில் தேறியவர்களுக்கு மட்டும் தேதியைச் சொல்லிக் கட்டணம் வாங்குங்கள். பணத்தை வாங்கிய பிறகு ஒரு பிள்ளையை நிறுத்தி வைக்க யாருக்கும் மனம் வராது. தகுதியில்லாத பெல்ட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் கைமாறுகின்றன.

முன்தேர்வில் ஒவ்வொருவராகக் கட்டா, அதாவது வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்பு, செய்யச் சொல்லுங்கள். கூட்டமாகச் செய்தால் பின்வரிசைப் பிள்ளைகள் முன்னால் நிற்பவனைப் பார்த்தே முடித்துவிடுவார்கள். அசைவுகளுக்கு எண்ணிக்கை சொல்லாதீர்கள். முக்கியமாக, வழக்கமாக நிற்கும் திசையை மாற்றி, வேறு சுவரைப் பார்த்து நிறுத்துங்கள். ஜன்னலையும் கதவையும் அடையாளம் வைத்துத் திரும்பப் பழகிய பிள்ளை அங்கே திகைத்து நின்றுவிடும்.

ஷோட்டோகான் என்ற கராத்தே முறையில், ஹெயான் ஷோதான் என்ற தொடக்கக் கட்டாவுக்கு 21 அசைவுகள். அதில் கவனிக்க வேண்டிய இடம் 10-ஆவது. மூன்றாவது மேல் தடுப்போடு கியாய் என்ற முழக்கம் எழுப்பியதும், முன்னால் இருக்கும் வலது காலை ஊன்றி 270 டிகிரி திரும்ப வேண்டும். இடது கால் போதுமான அளவு சுற்றி வராவிட்டால் இரண்டு பாதமும் ஒரே கோட்டில் விழும். கீழ்த் தடுப்பு போடும்போது உடம்பு தள்ளாடும். இங்கே தள்ளாடும் பிள்ளைக்கு இன்னும் நான்கைந்து வகுப்பு தேவை. இரண்டு வாரம் இருப்பதால் சரிசெய்துவிடலாம். முந்தின நாள் கண்டுபிடித்துப் பயனில்லை.

மாதம் என்று பார்த்தால், கோடை விடுமுறையில் சேர்ந்தவர்களுக்கு ஆகஸ்ட் கடைசி ஞாயிறு பொருந்தும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். நவம்பரில் மொட்டை மாடியையோ மைதானத்தையோ நம்பித் தேதி வைக்காதீர்கள், மழை கெடுத்துவிடும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. பொங்கல் முடிந்து வரும் இரண்டாவது ஞாயிறு நல்ல நாள். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளும் அப்போது வந்துவிடுவார்கள். ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு வைக்கவே கூடாது. ஒன்றரை மாதம் வகுப்புக்கு வராத உடம்பு இறுகிப் போயிருக்கும்.

40 பேர் என்றால் கிஹோன் (அடிப்படைப் பயிற்சி), கட்டா, குமிதே (இருவர் மோதும் பயிற்சி) மூன்றுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம் பிடிக்கும். காலை 6 மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் முடிக்கலாம். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை முதலில் கூப்பிடுங்கள். ஒரு மணி நேரம் காத்திருந்த சின்னப் பிள்ளை தெரிந்ததையும் மறந்துவிடும். 40-க்கு மேல் போனால் இரண்டு நாளாகப் பிரித்துவிடுங்கள். கடைசியில் வருபவர்களைச் சோர்ந்த கண்ணோடு மதிப்பிடுவது அநியாயம்.

தேறாதவரை அடுத்த மூன்று மாதம் காக்க வைக்க வேண்டாம். எந்த அசைவு குறை என்று எழுதிக் கொடுத்து, ஆறு வாரத்தில் அதை மட்டும் மறுபடி பாருங்கள்.