சார் லேட்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து இது நான்காவது வருஷம். சிக்னலை 'ரோபோ' என்பார்கள், 'ஜஸ்ட் நவ்' என்றால் இப்போது இல்லை, பிறகு எப்போதாவது என்று அர்த்தம். இதெல்லாம் அத்துப்படி, இனி நானும் உள்ளூர்க்காரன்தான் என்று இருந்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டு அண்ணனோடு அவருடைய பழைய கால்பந்து கோச்சைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "சார் இஸ் லேட்" என்றார்.

"பரவாயில்லை அண்ணா, மெதுவாக வரட்டும்" என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ தப்பு என்று உறைத்தது. இங்கே ஒருவரை 'லேட்' என்றால் காலமாகிவிட்டார் என்று பொருள். நம்மூர்க் கல்யாணப் பத்திரிகையிலும் பெயருக்கு முன்னால் போடுகிறோமே, அது அந்த நேரத்தில் தலையில் ஏறவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பேசாமல் அண்ணனோடு கிளம்பினேன்.

சாட்ஸ்வர்த்தில் வீடு. 1950இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டம், கேட்டோ மேனரிலிருந்து கிளப்பிவிட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. பகலில் கணக்கு வாத்தியார், சாயங்காலம் கோச். வெள்ளைக்காரப் பையன்களோடு சேர்ந்து ஆட முடியாத காலம். இவர்களுக்குப் பெரிய ஆட்டம் என்றால் கரிஸ் ஃபவுண்டன் மைதானம்தான். பஸ்ஸுக்குக் காசில்லாத பையன்களைத் தன் காரில் எட்டு ஒன்பது பேராக அடைத்துக்கொண்டு போவாராம்.

பேரன் பதிகம் பாடினான், இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு. 'ழ' எல்லாம் 'ல' ஆனது. கரும்புத் தோட்ட வேலைக்கு நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு மதராஸிலிருந்து முதல் கப்பல் ட்ரூரோ இந்தத் துறைமுகத்துக்கு வந்தது 1860 நவம்பரில். பையனுக்கு அர்த்தம் தெரிந்திருக்காது. முதல் வரியில் எனக்குச் சிரிப்பு வந்தது, மூன்றாவது வரியில் தொண்டை அடைத்துக்கொண்டது.

கோச்சின் மனைவி, ஆன்ட்டி, எங்களைக் கராஜுக்குக் கூட்டிப்போனார். அட்டைப்பெட்டிகள் நிறையப் பழைய பூட்ஸ். கால் வளர்ந்த பையன் கழற்றிக் கொடுத்தது, அடுத்த சின்னவனுக்கு. ஒவ்வொன்றின் உள்ளேயும் செய்தித்தாள் அடைத்து, ஜோடி பிரியாமல் லேஸை முடிந்து, நாக்குப் பகுதியில் பேனாவால் சைஸ் எழுதியிருந்தது. "பதினோரு ஜெர்சியும் என் பாத்டப்பில்தான் ஊறும்" என்று குறைப்பட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனிதர் மைதானப் பக்கமே போகமாட்டாராம். அன்றைக்கு உருளைக்கிழங்கு போட்ட ஆட்டுக்கறி அவர் சமையல். மூன்று பெண்களுக்கும் அவரே பரிமாறினால்தான் ஆச்சு.

எனக்குக் கோவில்பட்டி வந்துவிட்டது. மற்ற ஊர்ப் பையன்கள் கிரிக்கெட் ஆட, எங்களுக்கு ஹாக்கிதான். பி.டி. சார் அறையில் இதே மாதிரி உடைந்த மட்டைகள் குவிந்து கிடக்கும். பசை வைத்து ஒட்டி, சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றுவார். அந்த மட்டையால் அடித்தால் பந்து நகராது, கைதான் அதிரும். காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்கவேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் "லேட்டுடா", இரண்டு ரவுண்டு. மழை பெய்திருந்தால் கரிசல் மண் ஒட்டி ஒட்டி ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனக்கும். ஓடி முடித்தவனுக்குச் சட்டைப்பையிலிருந்து ஒரு கடலைமிட்டாய் கிடைக்கும். அதற்காகவே லேட்டாக வந்தவர்கள் உண்டு. நான்தான், வேறு யார்.

அவர் போன வருஷம் போய்விட்டார். ஊர் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். நான் ஆறு மணிக்கு எழுந்து வாட்ஸப்பைத் திறந்தபோது அங்கே ஒன்பதரை, எடுத்தாகிவிட்டது. கண்ணீர் அஞ்சலி போஸ்டரை யாரோ போட்டோ எடுத்துப் போட்டிருந்தார்கள். பெயரைப் படித்தால் யாரென்றே தெரியவில்லை. ஏழு வருஷம் 'சார்' என்றே கூப்பிட்டவருக்கு இனிஷியலோடு ஒரு பெயர் இருக்கும் என்று தோன்றியதே இல்லை. படத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. குரூப்பில் எல்லாரும் கும்பிடும் கையைப் போட்டிருந்தார்கள், நானும் போட்டேன். அப்புறம் குளித்து வேலைக்குப் போய்விட்டேன். அப்படி எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது அல்லவா. வாய் திறக்காமல் படி இறங்கினேன். ஆன்ட்டி பின்னாலேயே கேட் வரை வந்து, என் செருப்பைப் பார்த்துக் கேட்டார்: "உனக்கு என்ன சைஸ்?"

ஒன்பது என்றேன்.