நூறு டாலர் எம்.எல்.ஏ.

2024 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை வாசல் மணி அடித்தது. அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மணி அடித்தால் பார்சல்காரர் என்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது. கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே வந்து, "யாரோ ஒரு டீச்சரம்மா நிற்கிறார்கள்" என்றார். எதை வைத்துக் கண்டுபிடித்தாரோ, வந்தவர் உண்மையிலேயே ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலப் பிரதிநிதிகள் சபைக்கு எங்கள் வார்டில் நிற்கிறார். கையில் ஒரு கட்டு நோட்டீஸ், காலில் நடைப்பயிற்சி ஷூ. கூட ஒரு ஆள் இல்லை.

"கொடி பிடிக்கக்கூட ஒருவர் வரவில்லையா, பாவம்" என்றார் அம்மா தமிழில்.

எனக்கும் அதுதான் முதலில் உறைத்தது. பாளையங்கோட்டையில் இருபத்து நான்கு வயதுவரை வளர்ந்தவன் நான். எம்.எல்.ஏ. ஒருவரைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தது ஒரே ஒருமுறை, ஒரு கல்யாண மண்டபத்தில், நடுவே முப்பது பேர். தமிழ்நாட்டில் ஏழு கோடிப் பேருக்கு மேல் இருக்க, சட்டமன்ற உறுப்பினர்கள் 234 பேர். நியூ ஹாம்ப்ஷயரின் மக்கள்தொகை ஏறக்குறைய 14 லட்சம். பிரதிநிதிகள் சபைக்கு 400 பேர். அமெரிக்க மாநிலச் சபைகளில் இதுதான் பெரியது. மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கு ஒரு எம்.எல்.ஏ. என்றால், நம்மூரில் ஒரு பெரிய தெருவுக்கு ஒருவர். எங்கள் நாஷுவா நகரில் ஒரு வார்டுக்கே மூன்று பேர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல்.

சம்பளத்தை அம்மாவிடம் சொன்னபோது நம்பவில்லை. ஆண்டுக்கு 100 டாலர். 1889-இல் மாநில அரசமைப்பில் எழுதிய தொகை, இன்றுவரை அப்படியே நிற்கிறது. கான்கார்ட் நகரிலுள்ள சட்டமன்றத்துக்குப் போய்வரும் பயணப்படி தனி. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு மாதம் 1.05 லட்சம் ரூபாய். "எட்டாயிரம் ரூபாய்க்கா இந்த வயதில் இப்படித் தெருத்தெருவாக அலைகிறார்?" என்று அம்மா உள்ளே போய்க் காபி கலந்தார். இதைத் தியாகம் என்று புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு தெளிவில்லை. 100 டாலருக்கு யாரால் எம்.எல்.ஏ.வாக இருக்க முடியும்? ஓய்வூதியம் வருகிறவர், கையில் காசுள்ளவர், முதலாளியே தானாக இருப்பவர். இரண்டு ஷிப்ட் வேலை பார்க்கும் என் பக்கத்து வீட்டுக்காரரால் முடியாது.

"எனக்கு ஓட்டு இல்லை, கிரீன் கார்டு மட்டுந்தான்" என்று அந்த அம்மையாரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். நேரத்தை வீணாக்க வேண்டாமே என்ற நல்லெண்ணந்தான். அவர் நகரவில்லை. "சொத்து வரி கட்டுகிறீர்கள் அல்லவா?" என்றார்.

கட்டுகிறேன், வயிற்றெரிச்சலோடு. இந்த மாநிலத்துக்குக் குடிவந்தபோது நண்பர்கள் வாழ்த்தினார்கள்: விற்பனை வரி இல்லை, சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. எல்லைக்கு அந்தப்பக்கம் மாசசூசெட்ஸில் 6.25 சதவீத விற்பனை வரி. எங்கள் ஊரிலுள்ள ஃபெசன்ட் லேன் மாலில் அங்கிருந்து வருகிற கூட்டம் அலைமோதும். அந்தக் கட்டடத்தின் ஒரு மூலையைக் கோடு போட்டதுபோல வெட்டியிருப்பார்கள். வெட்டாவிட்டால் கடை மாசசூசெட்ஸுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், வரி கட்ட வேண்டிவரும். கார் நிறுத்துமிடத்தின் ஒரு பகுதி எல்லைக்கு அந்தப்பக்கந்தான்.

எனக்கு இந்தச் சலுகையில் பாதி கிடைக்கவில்லை. வேலை பாஸ்டனில் என்பதால் சம்பளத்தில் மாசசூசெட்ஸ் தன் 5 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்தவர்களிடமும் அந்த மாநிலம் வரி பிடித்தது. நியூ ஹாம்ப்ஷயர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. 2021 ஜூனில் வழக்கை விசாரிக்கவே நீதிமன்றம் மறுத்துவிட்டது. அங்கே வருமான வரி, இங்கே சொத்து வரி. வாடகை வீட்டிலிருந்தவரை அது வீட்டுக்காரர் தலைவலி. சொந்த வீடு வாங்கிய ஆண்டில் இரண்டு தவணையும் சேர்த்துப் பார்த்தபோது ஏழாயிரம் டாலரைத் தொட்டிருந்தது.

"அதில் பெரும்பகுதி பள்ளிக்கூடத்துக்குப் போகிறது" என்று சொல்லி, அவர் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நோட்டீஸில் ஒரு வரியாக இருந்ததை அரைமணி நேரம் விளக்கினார். ஆசிரியை அல்லவா. கிளேர்மான்ட் என்ற பழைய ஆலைநகரமும் வேறு நான்கு ஏழை ஊர்களும் 1991-இல் மாநிலத்தின்மீது வழக்குப் போட்டன. ஏரிக்கரை மாளிகைகள் நிறைந்த ஊரில் சிறிய விகிதத்தில் வரி போட்டாலே பள்ளிக்குப் பணம் கொட்டும். ஆலை மூடிய ஊரில் மக்களைக் கசக்கிப் பிழிந்தாலும் போதாது. பிள்ளைகளுக்குப் போதிய கல்வி தருவது மாநிலத்தின் கடமை என்று மாநில உச்ச நீதிமன்றம் 1993-இல் சொன்னது. ஊருக்கு ஊர் மாறும் சொத்து வரியை நம்பி அந்தக் கடமையை நிறைவேற்றுவது அரசமைப்புக்கு முரண் என்று 1997-இல் சொன்னது. வந்து கால் நூற்றாண்டு தாண்டிய தீர்ப்பு. பில் இன்னும் என் வீட்டுக்குத்தான் வருகிறது.

மாநிலம் தன் பங்கைக் கூட்ட வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். இந்த ஊரில் வேட்பாளர்கள் செய்கிற ஒரு சபதம் உண்டு: வருமான வரியோ விற்பனை வரியோ கொண்டுவர மாட்டேன் என்று. 1970-களில் ஆளுநராக இருந்த மெல்ட்ரிம் தாம்சன் காலத்திலிருந்து, அதைச் செய்யாதவர் தலை தூக்குவது கடினம். எங்கள் வாசலுக்கு வந்தவர் அந்தச் சபதம் செய்யவில்லையாம். ஆனால் வருமான வரியை ஆதரிப்பீர்களா என்றால், "எல்லா வழிகளையும் பார்க்க வேண்டும்" என்றார். இந்த ஒரு பதிலில் உலகத்து வேட்பாளர்கள் எல்லாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

தனியார் பள்ளிக்கோ வீட்டுக் கல்விக்கோ மாநிலப் பணத்தைக் குடும்பத்தின் கையில் தரும் 2021-ஆம் ஆண்டுத் திட்டத்தை விரிவாக்கக் கூடாது என்றும் சொன்னார். என் மனைவிக்கு அதில் உடன்பாடில்லை. வகுப்பில் திணறும் பிள்ளைக்கு வேறு பள்ளி தேடுகிறவர்களுக்கு அந்தப் பணம் உதவினால் என்ன என்று கேட்டார். வேட்பாளர் வாதாடாமல் கேட்டுக் குறித்துக்கொண்டார். என் மனைவிக்கும் ஓட்டில்லை.

ரயில் பற்றி நான்தான் கேட்டேன். தினமும் லோவல் வரை காரில் போய் அங்கிருந்து பாஸ்டனுக்கு ரயில் பிடிக்கிறவன் வேறு என்ன கேட்பான்? 1980-இல் வந்து ஓராண்டு சொச்சம் ஓடி நின்றுபோன ரயிலைத் திரும்பக் கொண்டுவருவது பற்றி இந்த ஊர் பேசிக்கொண்டே இருக்கிறது. 2022 டிசம்பரில் திட்ட ஆய்வுக்கு மேலும் அவகாசம் தர ஆளுநரின் நிர்வாகக் குழு மறுத்தது. "ஆதரிக்கிறேன், ஆனால் என் ஆயுளில் வரும் என்று சொல்ல மாட்டேன்" என்றார். வாக்குறுதி கேட்டுப் பழகிய காதுக்கு அது வினோதமாக இருந்தது.

அம்மா காபியோடு வந்ததும் பேச்சு வீட்டுக்குத் திரும்பியது. பெற்றோருக்காக வீட்டோடு சேர்த்துக் கட்டும் சிறு குடியிருப்பை இங்கே 'இன்-லா அப்பார்ட்மென்ட்' என்பார்கள். மாமியார் வீடு என்று மொழிபெயர்த்தேன். "நம் ஊரில் அதற்கு ஜெயில் என்றல்லவா அர்த்தம்" என்று அம்மா சிரித்தார். வந்தவருக்கு விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. தனி வீடுகளுக்கான பகுதியில் வீட்டோடு ஒட்டிய ஒரு குடியிருப்பை உள்ளூர் நிர்வாகம் அனுமதித்தாக வேண்டும் என்ற சட்டம் 2017-இல் அமலுக்கு வந்தது. கொல்லையில் தனியாகக் கட்டுவதென்றால் அப்போது ஊரின் இஷ்டமாக இருந்தது. அதையும் உரிமையாக்க வேண்டும் என்பது அவர் நோட்டீஸின் கடைசி வரி. அதைப் பற்றிய மசோதா வந்தால் கான்கார்டுக்கு வந்து பேசச் சொன்னார். இங்கே ஒவ்வொரு மசோதாவுக்கும் பொது விசாரணை உண்டு. ஒரு இளஞ்சிவப்புச் சீட்டில் பெயரும் ஊரும் எழுதிக் கொடுத்தால் போதும், ஓட்டிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லையாம். போகும்போது வாசல் புல்லில் தன் பெயர்ப் பலகை ஒன்றை நட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். சரி என்றேன்.

அக்டோபரில் அம்மா ஊருக்குப் போனார். நவம்பரில் அந்த அம்மையார் நான்காவதாக வந்தார். மூன்று இடங்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. தேர்தல் முடிந்த இரண்டாவது வெள்ளிக்கிழமைக்குள் பலகைகளை அகற்ற வேண்டும் என்பது சட்டம். அதற்கு முந்தின நாள் அவரே வந்தார். கையுறை போட்டுக்கொண்டு பலகையின் கம்பியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். உதவப் போனேன்.

"அம்மா எங்கே?" என்று கேட்டார்.

ஊருக்குப் போய்விட்டார் என்றேன்.

"கொல்லையில் கட்டுவதற்கு முன் அளவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். காரின் பின்பக்கம் திறந்திருந்தது. உள்ளே அவர் பெயர் எழுதிய பலகைகள் ஐம்பது அறுபது கிடந்தன. இதையும் அவற்றின்மேல் போட்டு, அடுத்த தெருவுக்கு ஓட்டிப் போனார்.