ஆணி மட்டும் புதுசு

ஆச்சி என்னிடம் கேட்டது விலை. நான் சொன்னது அதற்கும் மேலே. அது இன்னமும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பங்கு பிரிக்கிற வீடு. பழம்பொருள்களுக்கு விலை சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பங்காளிகள் எல்லோரும் முகப்பில் உட்கார்ந்திருந்தார்கள். மங்குச் சாமான், பர்மா தேக்குப் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்த பிறகு, இரண்டாங்கட்டிலிருந்து லட்சுமி படம் வந்தது. "ரவிவர்மா படம், ஐயா காலத்துது" என்றார் ஆச்சி. நம்பக்கூடிய பேச்சுதான். ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் செட்டிநாட்டு வீடுகளில் நிறையவே உண்டு. சேலைக்கு ஜரிகையும் சமிக்கியும் ஒட்டி மாட்டியிருப்பார்கள்.

லென்ஸை வைத்தேன். ரவிவர்மா காலத்துக் கல் அச்சில் புள்ளிகள் கையால் குத்தியவை, ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். இந்த லட்சுமியின் கன்னத்தில் புள்ளிகள் வரிசை பிடித்து, சின்னச் சின்ன வட்டங்களாக நின்றன. ஆப்செட் அச்சு, பிற்காலத்து இயந்திர முறை. படத்தைத் திருப்பினேன். பின்பலகையில் துருக்கறை படிந்த பழைய ஆணித் துளைகள் காலியாக இருந்தன. பக்கத்திலேயே பளபளவென்று புது ஆணிகள்.

"அசல்தானே தம்பி?"

"பிரேம் பழசு ஆச்சி. படம் பிற்பாடு வச்சது."

"பிற்பாடுன்னா எப்ப?" என்று ஒரு பங்காளி எழுந்துவிட்டார்.

"ஆணி புதுசா இருக்கு அண்ணே."

அவ்வளவுதான். யார் மாற்றியது, சாவி யாரிடம் இருந்தது என்று கூச்சல். ஆச்சி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "பிரேமுக்கு மட்டும் வெலை சொல்லுங்க தம்பி" என்றார். அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. அதை வைத்து நான் எதையாவது நினைப்பது நியாயமில்லை. வயதானவர்கள் எத்தனையோ பார்த்தவர்கள். ஆனாலும் நினைத்தேன்.

அச்சு பிந்தியது என்பதைச் சொல்லாமல் இருந்திருக்க முடியாது. அசல் என்று கணக்கு வைத்து ஒரு பங்காளி அதைத் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டால், ஏமாறுவது அவர்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆணிதான் உறுத்துகிறது. விலைக்கும் ஆணிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் 'எப்ப' என்று நேராகக் கேட்டவரிடம், கண்ணால் பார்த்ததை வைத்துக்கொண்டு தெரியாது என்று சொல்வது பொய்யில்லையா? பொய்தான். அப்புறம் எதற்கு இந்த உறுத்தல்?

பழம்பொருள் கடைக்காரர் துப்புத் துலக்குகிற கதைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு கீறலை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து சிரித்துப் பேசிக் கதை நிம்மதியாக முடியும். முடியத்தான் செய்யும், அங்கே திருடன் திருடன்தான். எங்கள் தொழிலில் பொருளை எடுத்தவர் பெரும்பாலும் அந்த வீட்டு ஆள். அவருக்கும் அதில் பங்கு இருக்கிறது. மருத்துவச் செலவோ, பேத்தி படிப்போ, அவசரத்துக்கு ஒன்றை விற்றிருப்பார். சுவர் வெறிச்சென்று இருக்கக் கூடாதென்று வேறொரு படத்தை வைத்திருப்பார். அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்ற பங்காளிகளுக்கு வர வேண்டியது போயிற்றே என்றால், அதற்கும் பதில் இல்லை.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: விலை மட்டும் போதுமா, பார்த்ததையெல்லாம் சொல்லவா? எல்லாரும் கூடியிருக்கும்போது 'எல்லாத்தையும் சொல்லுங்க' என்றுதான் பதில் வருகிறது. அன்றைக்குக் கேட்டிருந்தாலும் அந்தப் பதில்தான் வந்திருக்கும். ஆச்சியும் அதையேதான் சொல்லியிருப்பார், அத்தனை பேருக்கு முன்னால் வேறென்ன சொல்ல முடியும்?