பெண்ணியக் கோட்பாட்டுத் தாள்: எனக்குக் கைகொடுத்த ஒரே உத்தி

ரிசல்ட் வந்துவிட்டது. எல்லோரும் பயப்படும் கோட்பாட்டுத் தாளில்தான் எனக்கு அதிக மதிப்பெண். இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். ஜூனியர்கள் கேட்டதால் எழுதுகிறேன். அலைகள், பெயர்கள், ஆண்டுகள் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

எந்தக் கேள்வி வந்தாலும், அந்தக் கருத்தைப் பற்றி வெளியே மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது, கோட்பாடு அதிலிருந்து எங்கே விலகுகிறது என்று காட்டுங்கள். பெரிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் எழுதினேன். கைடுகள் சொல்லும் 'வரையறை, வகைகள், முடிவுரை' பாணியை இந்தத் தாளுக்கு மறந்துவிடுங்கள்.

இரண்டாம் அலை (1960-70களின் பெண்ணிய இயக்கம்) என்றதும் 'பிராவை எரித்தவர்கள்' என்பார்கள். 1968 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் மிஸ் அமெரிக்கா போட்டியை எதிர்த்துப் பெண்கள் திரண்டார்கள். குப்பைத் தொட்டி ஒன்றை வைத்து பிரா, ஹை ஹீல்ஸ், பெண்கள் பத்திரிகைகள், தரை துடைக்கும் மாப் எல்லாவற்றையும் அதில் வீசினார்கள். ஊர் நம்பும் அந்தத் தீ அங்கே எரியவில்லை என்று ஏற்பாட்டாளர்களே சொல்லிவந்தார்கள். வியட்நாம் போரை எதிர்த்தவர்கள் ராணுவ அழைப்பு அட்டைகளைக் கொளுத்திய காலம் அது. பத்திரிகைகள் இரண்டையும் சேர்த்து எழுத, அந்தப் படிமம் ஒட்டிக்கொண்டது. மாப் ஏன் அந்தத் தொட்டிக்குப் போனது என்பதை யாரும் கேட்பதில்லை. உங்கள் விடை அங்கிருந்து புறப்படட்டும்.

இன்டர்செக்‌ஷனாலிட்டியை 'யாருக்கு அதிகக் கஷ்டம்' என்ற போட்டியாகப் பலர் நினைக்கிறார்கள். இனம், பால் போன்ற பாகுபாடுகள் ஒருவர் மேல் சேர்ந்து விழும்போது என்ன ஆகிறது என்பதுதான் அதன் கேள்வி. இந்தச் சொல்லைக் கொடுத்த அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் எடுத்துக்கொண்ட வழக்குகளில் ஒன்றைப் பாருங்கள். கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் தொடுத்தது. அங்கே பெண்களுக்கு வேலை இருந்தது, ஆனால் வெள்ளையினப் பெண்களுக்கு. கறுப்பினத்தவருக்கும் இருந்தது, ஆனால் ஆண்களுக்கு. இனம், பால் இரண்டையும் சேர்த்து ஒரே புகாராகக் கொண்டுவர நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. இதை ஐந்து வரியில் எழுதினால் போதும், வரையறையே தேவைப்படாது.

ஜூடித் பட்லர் பகுதிக்கும் இதே வழிதான். பாலினம் என்பது நாம் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களால் உருவாகிறது என்று சொன்ன அமெரிக்கத் தத்துவ அறிஞர் அவர். பாலினம் என்பது காலையில் எழுந்து நமக்குப் பிடித்த உடையை எடுத்து மாட்டிக்கொள்வது போன்றது என்ற வாசிப்பை 1993-ல் அவரே மறுத்துவிட்டார். ஆனால் பழி முழுவதையும் மக்கள் மேல் போடாதீர்கள். அவருடைய நடை கடினமானது. 1999-ல் இன்னொரு தத்துவ அறிஞரான மார்த்தா நுஸ்பாம், பட்லரின் எழுத்து பெண்களின் அன்றாடப் போராட்டத்திலிருந்து விலகி நிற்கிறது என்று கடுமையாக விமர்சித்தார். இதையும் எழுதினால்தான் விடை நேர்மையாக இருக்கும்.

அப்புறம் சில:

- குழுவாகப் படிக்காதீர்கள். இந்தப் பாடத்தில் அது விவாத மேடையாகிவிடும். எனக்குத் தனிமைதான் ஒத்துவந்தது.
- மூல நூலில் ஒரு அத்தியாயமாவது படியுங்கள்.
- சம ஊதியத்தை ஆதரிப்பார்கள், 'நான் பெண்ணியவாதி இல்லை' என்றும் சொல்வார்கள். இந்த முரணுக்கு ஒரு பத்தி தயாராக இருக்கட்டும். எங்கும் பொருத்தலாம்.
- ஆண்மையும் சமூகம் உருவாக்குவதுதான் என்று சொல்லும் சமூகவியலாளர் கான்னலின் ஆண்மைக் கோட்பாட்டை விடாதீர்கள். பெண்ணியம் ஆண்களை வெறுப்பது என்ற எண்ணத்துக்குப் பதில் அங்கேதான்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) 'நீங்கள் பெண்ணியவாதியா?' என்று நிச்சயம் கேட்பார்கள். மழுப்பாதீர்கள். 'ஆமாம்' என்று சொல்லிவிட்டு, எந்தச் சிந்தனையாளருடன் எந்த இடத்தில் முரண்படுகிறீர்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். அடுத்த கேள்வி அந்த முரணிலிருந்துதான் வரும், அதற்குப் பதில் உங்களிடம் தயாராக இருக்கும்.