மச்சானும் சுண்ணாம்பும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு தண்ணீருக்கடியில் மூச்சு விட உதவும் ரீபிரீதர் மிஷின்மேல் இல்லை. என் கஞ்சத்தனம்.

ஆடி மாதம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் காலம். இங்கே அதை 'போரிட்ஜ் பிரேயர்ஸ்' என்பார்கள். வெள்ளிக்கிழமை கூழ் குடித்த கையோடு நானும் மச்சானும் வண்டியை முபுமலாங்கா பக்கம் விட்டோம். மலைக்குள் தண்ணீர் நிரம்பிக் கிடக்கும் பழைய கல்நார் சுரங்கம் ஒன்று. 60 மீட்டர் ஆழம், 20 நிமிட டைவ், பிறகு படிப்படியாக டிகோ, அதாவது உடம்பில் ஏறிய வாயு வெளியேற அங்கங்கே நின்று நின்று மேலே வருவது. இதுதான் திட்டம்.

மச்சான் என் மனைவியின் அண்ணன், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு வரும் தமிழ் தேவாரமும் திட்டும்தான்; நடுவில் கொஞ்சம் பேச்சு. நான் தூத்துக்குடிக்காரன். கப்பல் ரிப்பேர் வேலைக்கு டர்பன் துறைமுகம் வந்து இங்கேயே பெண் எடுத்தவன். தாத்தா சங்கு குளித்தவர். குளிக்கிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள் எங்கள் ஊரில். கூடப்பிறந்தவள் தாலிக்குப் பயந்தாவது கயிற்றை விடமாட்டான் என்பது கணக்கு.

ரீபிரீதர் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். உள்ளே இழுக்கிற ஆக்சிஜனில் ஏறக்குறைய கால்வாசியைத்தான் உடம்பு எடுத்துக்கொள்கிறது. சாதாரண ஸ்கூபாவில் மிச்சமெல்லாம் குமிழியாகப் போகிறது. கடலில் 60 மீட்டரில் அழுத்தம் 7 பார், அதனால் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏழு மடங்கு வீண். ரீபிரீதரில் குமிழி கிடையாது. விட்ட மூச்சு குழாய் வழியே போய், டப்பாவில் இருக்கும் சோடா லைம் என்ற சுண்ணாம்பைத் தாண்டி, திரும்ப நம் வாய்க்கே வரும். கரியமில வாயுவை அந்தச் சுண்ணாம்பு தின்றுவிடும். உடம்பு செலவழித்த ஆக்சிஜனை மட்டும் மிஷின் சேர்க்கும், நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போல. ஆழத்தில் ஆக்சிஜன் அழுத்தத்தை 1.3 பாரில் நிறுத்தி வைப்பதால் மூச்சுக் கலவையில் இருக்கும் நைட்ரஜனும் ஹீலியமும் உடம்பில் ஏறுவது குறைவு, மேலே வரும்போது காத்திருப்பும் குறைவு. டிகோ டைவர்கள் இதன்மேல் பைத்தியமாக இருப்பது இதனால்தான்.

ஆனால் ஒன்று. தாத்தா சொல்வார்: "முத முட்டுக்குப் பொறு, ரெண்டாவது முட்டுக்குக் கயித்தை ஆட்டு." மூச்சு முட்டுவதைத்தான் சொல்வார். அந்த முட்டு ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை, கரியமில வாயு ஏறுவதால் வருவது. அது தாத்தாவுக்குத் தெரியாது. முட்டு தெரியும், அது போதும். ரீபிரீதரில் சுண்ணாம்பு அந்த வாயுவைத் துடைத்துவிடுகிறது. அதனால் ஆக்சிஜன் தீர்ந்துபோனாலும் முட்டாது. சுகமாக மூச்சு விட்டுக்கொண்டே மயங்கிவிடலாம். அதற்குத்தான் மூன்று சென்சார், கையில் ஒரு திரை, அதை விடாமல் பார்க்கும் பழக்கம். சென்சார்களும் கிழடாகும். இரண்டு சேர்ந்து பொய் சொன்னால் உண்மை சொல்லும் மூன்றாவதை மிஷின் தள்ளிவிடும். என் சென்சார் ஒவ்வொன்றிலும் தேதி எழுதி வைத்திருக்கிறேன். அதிலெல்லாம் நான் உஷார்.

சுண்ணாம்பில்தான் சறுக்கினேன். என் மிஷினில் கரியமில வாயுவை அளக்க எதுவும் இல்லை. டப்பாவில் இருந்தது போன வாரம் அலிவால் ஷோல் கடல் பாறைத்திட்டில் 70 நிமிடம் ஓடிய சுண்ணாம்பு. மூன்று மணி நேரம் தாங்கும் என்று கையேடு. மிச்சம் 110 நிமிடம், டைவ் 75 நிமிடம். பள்ளிக்கூடக் கணக்கில் நூற்றுக்கு நூறு. தண்ணீர் குளிர்ந்தால் சுண்ணாம்பு மந்தமாகும், ஆழத்தில் வேலை செய்தால் வாயு கூடும் என்பதெல்லாம் வகுப்பில் படித்ததுதான்.

"மாப்பிள்ளே, சுண்ணாம்பு புதுசா?" என்றார் மச்சான். "ம்" என்றேன். கரையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் மிஷினில் மூச்சு விட்டுப் பார்த்தேன். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்குக் கெட்ட சுண்ணாம்புகூடப் போதும்.

பதினான்காவது நிமிடம், 57 மீட்டர். பக்கச் சுரங்கத்தின் வாயைத் தாண்டும்போது இளைத்தது. திரையைப் பார்த்தேன்: 1.28, 1.29, 1.27. எண்கள் எல்லாம் சரி, நான் சரியில்லை. வயசாகிறது, துடுப்பை மெதுவாக அடிப்போம் என்று நினைத்தேன். பிறகு தலை கனத்தது. அதன்பின் வந்தது பயம், காரணமே இல்லாத பயம். தாத்தாவின் இரண்டாவது முட்டு இதுதான், ஆட்டுவதற்குக் கயிறு இல்லை.

வட கேப் மாகாணத்தில் தண்ணீர் நிரம்பிய பூஸ்மன்ஸ்காட் குழியில் 2005 ஜனவரி 8 அன்று டேவ் ஷா என்ற டைவர் 270 மீட்டரில் இறந்தார். பத்து வருஷம் முன்பு அங்கே இறந்த ஓர் இளைஞரின் உடலை எடுக்கப் போனவர். அவரும் ரீபிரீதரில்தான். தலையில் மாட்டியிருந்த கேமராவில் அவர் மூச்சு வேகமாகிக்கொண்டே போனது பதிவாகியிருந்தது. கயிற்றில் சிக்கி மல்லாடியதில் ஏறிய கரியமில வாயுதான் எமன் என்றார்கள். இதையெல்லாம் அங்கே நினைத்தேனா? இல்லை. வாயில் இருப்பதை ஒரு நொடிகூட எடுக்க முடியாது என்பது மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது. அதை எடுத்து, பக்கத்தில் அவசரத்துக்கென்று தொங்கும் பெயிலவுட் சிலிண்டரின் குழாயைக் கடித்தால் பிழைத்தேன். தெரியும். கை போகவில்லை.

என் டார்ச் வெளிச்சம் சுவரில் நடுங்குவதை மச்சான் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து, என் குழாயை எடுத்து என் உதட்டில் வைத்து அழுத்தினார். எப்படியோ ரீபிரீதர் வாயை மூடிவிட்டு மாற்றினேன். மூடாமல் துப்பியிருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து சுண்ணாம்புக் கரைசலாகியிருக்கும், வாயை வேக வைக்கும். மாற்றிய பிறகும் சில நிமிடம் நாய் மாதிரி இளைத்தேன், சிலிண்டர் முள் இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது.

நேரே மேலே ஓடத்தான் உடம்பு சொன்னது. பெரியப்பா கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு சங்கு எடுத்தவர், ஸ்டாப் என்ற சொல்லே கேள்விப்படாதவர். இன்றும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார். அந்தக் கால்தான் என்னை ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நிறுத்தி வைத்தது. மச்சானின் கம்ப்யூட்டர் அவரை எனக்கு முன்பே விடுவித்துவிட்டது. அவர் போகவில்லை. 6 மீட்டரில் என் எதிரே, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு தொங்கினார்.

கரையேறியதும் என் டப்பாவைத் திறந்து சுண்ணாம்பைத் தரையில் கொட்டினார். பிறகு அவருடைய இரண்டாவது வகைத் தமிழ். கடைசியில், "தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது?"

இப்போது 20 கிலோ சுண்ணாம்புக் கேன் அவர் வீட்டு கராஜில் இருக்கிறது, டப்பாவை நிரப்புவது அவர். மனைவிக்கு இன்னும் தெரியாது. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, மச்சானுக்கும் வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை இங்கே எழுதுகிறேன்.